அடிக்காத மணி

"நான் இல்லாம ஒரு சுத்தாவது தாங்குவியா, குட்டி?" என்று அண்ணன் ஒருமுறை கேட்டான்.

"நீ இல்லாட்டாதான் ஜெயிப்பேன்" என்றாள் அவள்.

திரையில் ஒரு கோட்டை, இடது வழியோரம் ஒரு கிணறு. இடது வாசலைக் காப்பது அண்ணன், வலது வாசலைக் காப்பது குட்டி. வரும் பூதங்களை வழியிலேயே அடித்து வீழ்த்தக் கோபுரங்கள் கட்ட வேண்டும். இரண்டு பேரும் 'தயார்' பொத்தானை அழுத்தினால்தான் அடுத்த படை கிளம்பும்.

லிஃப்ட் பழுதுபார்க்கப் போன இடத்தில் அண்ணன் விழுந்து செத்த பிறகும் குட்டி விளையாட்டை விடவில்லை.

மழை பிடித்த ஒரு மத்தியானம், தாய்வீட்டுக்குப் போயிருந்த அண்ணி வந்தாள். ஈரக் குடையைக் கதவோரம் சாத்திவிட்டு, அண்ணனின் சாமான்களைப் பைக்குள் திணித்தாள். அவனுடைய கன்ட்ரோலரும் உள்ளே போயிற்று.

"இந்த கேம் பெட்டியையும் கொண்டுபோறேன். நீ வெளியவே வர மாட்டேங்கிறியாமே."

"வேணாம் அண்ணி. அண்ணன் இன்னும் விளையாடுறான்."

"என்னடி உளர்ற?"

"ஒரு தடவை பாருங்க. அப்புறம் எடுத்துட்டுப் போங்க."

குட்டி தன் பொத்தானை அழுத்தினாள்.

மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

இடது பக்கம் 'தயார்' என்று பச்சை எரிந்தது.

அண்ணி பையைத் தரையில் கொட்டினாள். கன்ட்ரோலரின் பின்மூடியைக் கழற்றினாள். உள்ளே பேட்டரி இல்லை. அறைக்குள் எங்கிருந்தோ கிரீஸ் வாடை வந்தது. அண்ணன் எவ்வளவு சோப்புப் போட்டாலும் கையை விட்டுப் போகாத வாடை.

இடது வழியில் ஓர் அம்புக் கோபுரம் எழுந்தது. வளைவில் இன்னொன்று. அண்ணி காலி நாற்காலியின் பக்கம் கையை நீட்டி, பாதியில் நிறுத்தி, "என்னங்க" என்றாள். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

அப்பாடா, எனக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை என்று குட்டி நினைத்துக்கொண்டாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்ட அண்ணி திரையை உற்றுப் பார்த்தாள்.

"கிணத்தடி ஏன் காலியா இருக்கு? அவர் முதல்ல மணிக் கோபுரம்தானே வைப்பார். அது ஒண்ணுத்தையும் அடிக்காது, சும்மா டங்கு டங்குன்னு கத்தும். அடுப்படியில இருந்தே திட்டுவேனே."

குட்டி பொத்தானிலிருந்து விரலை எடுத்தாள்.

அந்த உதவாக்கரை மணியால்தான் பாதி ஆட்டம் தோற்பார்கள். இப்போதெல்லாம் அவள் தோற்பதே இல்லை. மணி அடிக்காததை அவள் கவனித்திருந்தாள். ஏன் என்று மட்டும் யோசிக்கவில்லை.

"குட்டி," அண்ணி கிசுகிசுத்தாள், "இது அவர் இல்ல."

திரையில் எல்லாம் நின்றது.

காலி நாற்காலி மெல்லக் கிரீச்சிட்டது, யாரோ முன்னால் சாய்ந்து காது கொடுப்பது போல.

கிணற்றடியில் ஒரு மணிக் கோபுரம் எழுந்தது.

டங்.

அண்ணி அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "நாம பேசினதக் கேட்டுடுச்சு. எழுந்திரு. என்கூட வந்துரு."

அந்தச் சுற்றின் படை அழிந்திருந்தது. இடது பக்கம் பச்சை எரிந்து, அவளுக்காகக் காத்திருந்தது. அவளுக்காகக் காத்திருக்க இந்த வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்?

"அண்ணா" என்றாள் குட்டி, கையை விடுவித்துக்கொண்டு. பொத்தானை அழுத்தினாள்.

மணி விடாமல் அடிக்க ஆரம்பித்தது. அண்ணி அவளையே பார்த்தபடி பின்னால் நகர்ந்து, குடையைக்கூட எடுக்காமல் மழையில் இறங்கிப் போனாள்.