மாஸ்டர் பக்கத்துப் பிரேக்

மூடிக்கிடந்த நூல் ஆலைக்குப் பின்னால் ஒரு பெரிய சிமெண்ட் தளம் இருந்தது. ஒரு காலத்தில் லாரிகள் வந்து திரும்பிய இடம். இப்போது கார் ஓட்டப் பழகுகிறவர்கள் மட்டும்தான் அங்கே வருவார்கள். அன்று விடிந்து வெகுநேரம் ஆகியும் பனி விலகவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கி நர்ஸ் நடந்து வந்தபோது, வெள்ளைக் கார் பனிக்குள் பாதி கரைந்து நின்றது. அதன்மேல் சாய்ந்துகொண்டு அவள் அண்ணன் கையை ஆட்டினான்.

ஊருக்கெல்லாம் அவன் 'மாஸ்டர்'. டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவன். அவளுக்கு அண்ணன்; அப்பா போன பிறகு அப்பாவுக்கு அப்பாவும் அவன்தான். அவளுக்கு முப்பத்தைந்து வயதாகியும் அவளை 'பாப்பா' என்றுதான் கூப்பிடுவான்.

அவளுக்குப் புதுவேலை ஒன்று கிடைத்திருந்தது. படுக்கையோடு கிடக்கும் நோயாளிகளை வீடுவீடாகப் போய்ப் பார்க்கும் வேலை. கார் அவர்களே தருவார்கள். லைசென்ஸ் மட்டும் வேண்டும். ஆனால் ஸ்டியரிங்கைத் தொட்டாலே அவளுக்கு உள்ளங்கை வேர்த்தது.

"ஏன் பயப்படுற பாப்பா? என் காலுக்கடியில இன்னொரு பிரேக் இருக்கு பாத்தியா? நீ என்ன தப்புப் பண்ணாலும் நான் நிறுத்திருவேன்" என்றான் அண்ணன்.

அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் அவள் சாவியைத் திருப்பினாள்.

நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்தான். "முதல்ல கண்ணாடி, அப்புறம் சிக்னல், அப்புறம்தான் ஸ்டியரிங். கிளட்சைப் பூனை மேல கால் வெக்கிற மாதிரி விடு." அவளும் சீக்கிரமே பிடித்துக்கொண்டாள். ஆனால் அந்தக் காரில் ஏதோ ஒரு வாடை அடித்தது. குட்டையின் அடிச்சேற்றைக் கிளறினால் வருமே, அந்த வாடை. ஜன்னலைத் திறந்தால் போகும். மூடினால் பின்சீட்டிலிருந்து கிளம்பி மெல்ல முன்னால் வரும்.

"என்னண்ணா நாத்தம்?"

"பழைய வண்டின்னா அப்படித்தான். ரோட்டைப் பாரு."

உள்கண்ணாடியில் ஆவி படிந்துகொண்டே இருந்தது. துடைத்தால், அவள் கை எடுக்குமுன் மறுபடி படிந்தது. பின்னாலிருந்து யாரோ அதன்மேல் மூச்சுவிடுவதுபோல.

அண்ணன் ஒருநாளும் பின்னால் திரும்பிப் பார்த்ததில்லை. ரிவர்ஸ் எடுக்கும்போதுகூட.

அண்ணன் ஸ்கூலில் முன்பு ஒரு சாவு நடந்தது எல்லாருக்கும் தெரியும். பேக்கரியில் வேலை பார்த்துக்கொண்டே ஓட்டப் பழக வந்த ஒரு பெண். மாஸ்டர் டீ குடிக்கப் போன நேரத்தில் தானே சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பி, கல்குவாரிக் குட்டைக்குள் காரோடு போய்விட்டாள். கார் மூக்குக் குப்புற முங்கியதால் காற்று இருந்த பின்பக்கத்துக்கு ஏறியிருக்கிறாள். பின்சீட்டில்தான் கண்டெடுத்தார்கள். அண்ணன் அன்று தலையில் அடித்துக்கொண்டு அழுதான். அந்த நீலக் காரைப் பழைய இரும்புக்குப் போட்டாகிவிட்டது என்றும் சொன்னான். "அவ புத்தி கெட்டுப் போனா, எங்கண்ணன் என்ன பண்ணும்?" என்று நர்ஸே எத்தனையோ பேரிடம் சண்டைக்குப் போயிருக்கிறாள்.

பத்தாம் நாள் காலையும் பனி விலகவில்லை; அவர்கள் போன பெரிய ரோட்டில் குழாய் பதிக்கத் தோண்டிப் போட்டிருந்தார்கள். பின்னால் தண்ணி லாரி வந்து ஒட்டிக்கொண்டு ஹாரன் அடித்தது. திரும்ப ஒரே வழிதான் இருந்தது. குவாரி ரோடு.

"வேணாம் பாப்பா, இங்கயே நிறுத்து" என்றான் அண்ணன். குரல் கம்மியிருந்தது.

"லாரிக்காரன் ஏறிருவான்ணா!"

அவள் திருப்பிவிட்டாள்.

அந்த ரோட்டில் பனி இன்னும் கெட்டியாக இருந்தது. இரண்டு பக்கமும் முள்செடிகள். லாரியின் சத்தம் பின்தங்கி, டயருக்கடியில் ஜல்லி நொறுங்கும் சத்தம் மட்டும் கேட்டது. ரோடு மெதுவாகச் சரியத் தொடங்கியது. சேற்று வாடை குப்பென்று ஏறியது.

பின்சீட்டில் யாரோ பெல்ட்டை இழுத்தார்கள்.

க்ளிக்.

"அண்ணா... பின்னாடி..."

"பாக்காத" என்றான். உதடு வெளுத்திருந்தது. "பாப்பா, பின்னாடி மட்டும் பாக்காத."

அவள் பிரேக்கை மிதித்தாள்.

கால் சேற்றில் இறங்கியதுபோல் அடிவரை போனது. கார் நிற்கவில்லை.

மறுபடி மிதித்தாள். மறுபடி. ஹேண்ட்பிரேக்கை இழுத்தாள். அது வெறுமனே கையோடு வந்தது. பனிக்குள் கீழே கறுப்பாகத் தண்ணீர் தெரிந்தது.

"அண்ணா! உன் பிரேக்கைப் போடுண்ணா!"

அவன் காலை அசைக்கவே இல்லை.

அப்போது அவள் காதுக்குப் பின்னால், குளிர்ந்த குரலில், யாரோ கெஞ்சினார்கள்.

"பிரேக் போடுங்க மாஸ்டர்..."

அண்ணனுக்கும் கேட்டது. அவன் தங்கையைப் பார்த்தான். ஒரு நொடிதான். இழவு வீட்டில் கடைசியாக முகம் பார்த்துவிட்டு நகர்கிறவன் பார்ப்பானே, அப்படி ஒரு பார்வை.

பிறகு கதவைத் திறந்து குதித்துவிட்டான்.

கதவு படபடவென்று அடித்துக்கொண்டது. காலியான அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அங்கே பிரேக் மிதி தானாகக் கீழே இறங்கியது.

மெதுவாக. கற்றுக்கொண்ட கால் ஒன்று, பதறாமல், அழுத்துவதுபோல.

டயர்கள் கீச்சிட்டன. முன்சக்கரம் கரையின் விளிம்பில் நின்றது. ஒரு கல் பெயர்ந்து தண்ணீரில் விழும் சத்தம் கேட்டது.

மிதியின் ரப்பரில் ஒரு பாதத்தின் ஈரம் இருந்தது. ஐந்து விரலும் தெரிந்தன.

அவள் இறங்கி, முள்செடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அண்ணன் நொண்டிக்கொண்டே ஓடி வந்தான்.

"பாப்பா! கதவு தானாத் திறந்துக்கிச்சு பாப்பா, சத்தியமா..."

"பொய் சொல்லாத."

அவன் ரோட்டின் இரு பக்கமும் பார்த்தான். பிறகு கிட்டே வந்து, தாழ்ந்த குரலில், பழகிப்போன வேகத்தில் சொன்னான்: "யாராவது கேட்டா, நான் டீ குடிக்கப் போயிருந்தேன், நீயே சாவிய எடுத்துட்டு வந்தேன்னு சொல்லிரு. என்ன?"

அவளுக்கு உடம்பெல்லாம் சில்லிட்டது. பின்சீட்டுக் குரல்கூட அவளை இப்படிக் குளிர வைக்கவில்லை.

"அந்தப் பேக்கரிப் பொண்ணும் இதையேதான் பண்ணாளாண்ணா? நீ டீ குடிக்கப் போனப்பவா?"

அவன் குட்டையைப் பார்த்தான்.

நேராக அண்ணன் வீட்டுக்குத்தான் போனாள். அண்ணி வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். நாத்தனாரின் கோலத்தையும் கிழிந்த கையையும் பார்த்தவள், என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. கையிலிருந்த ஈரத்துணி நழுவியது.

"உன்னையுமா?" என்றாள்.

அந்த ஒரு சொல் போதும். அண்ணிக்கும் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் தினமும் காலையில் அண்ணன் கையில் நாத்தனாருக்குக் காப்பி கொடுத்து, "பாத்து ஓட்டச் சொல்லுங்க" என்று சிரித்து அனுப்பியிருக்கிறாள். அங்கே நர்ஸ் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

அவள் புகார் கொடுத்ததும் போலீஸ் ஒரு மெக்கானிக்கை அழைத்து வந்து காரைப் பார்க்கச் சொன்னது. பேக்கரிப் பெண் மூழ்கிய அதே கார்தான். நீலத்தின்மேல் வெள்ளை அடித்திருந்தான். தண்ணீரில் ஊறித் துருப்பிடித்த பிரேக் குழாய் அன்று வெடித்திருந்தது. மெக்கானிக் அண்ணன் பக்கத்து மிதியை விரலால் தள்ளினார். அது தளர்ந்து ஆடியது.

"இதுல கம்பியே இல்லம்மா. குட்டையிலேருந்து தூக்கினப்பவே அறுந்திருக்கணும். சும்மா பேருக்கு மாட்டி வெச்சிருக்காங்க. இதை மிதிச்சா எதுவும் நிக்காது."

"நின்னுச்சு" என்றாள் அவள்.

அவர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

வழக்கு மறுபடி திறந்தது. அன்றும் அண்ணன் காரில்தான் இருந்தான், குதித்துத் தப்பினான் என்பது வெளியே வந்தது. பேக்கரிப் பெண்ணின் அம்மா, மகள் மேலிருந்த பழி போனதும் நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. சொந்தபந்தம் எல்லாம் 'கூடப் பிறந்தவனையே காட்டிக்கொடுத்தவள்' என்று அவள் முகத்தில் விழிப்பதை நிறுத்திக்கொண்டது. அவளும் யாரையும் தேடிப் போகவில்லை.

ஓட்டுவதை மட்டும் விடவில்லை. ஊரின் மறுகோடியில் வேறொரு ஸ்கூலில் சேர்ந்தாள். புத்தம்புதுக் கார். பிளாஸ்டிக் வாசனை போகாத சீட்டுகள். சேருமுன் மாஸ்டர் பக்கத்துப் பிரேக்கைத் தானே குனிந்து கையால் அழுத்திப் பார்த்தாள். அந்த மாஸ்டர் அதற்குக் கோபித்துக்கொள்ளவில்லை.

டெஸ்ட் நாளன்று நல்ல வெயில். மழை பெய்து வாரக்கணக்கில் ஆகியிருந்தது. மைதானத்தில் புழுதி பறந்தது. புது மாஸ்டர் இறங்கி ஓரமாகப் போய் நின்றார். அவள் தனியாக ஸ்டியரிங்கின் முன் உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டாள். கை வேர்க்கவில்லை.

டெஸ்ட் ஆபீசர் வந்து முன்கதவைத் திறந்தார். ஏறப் போனவர் தயங்கினார்.

"கூட வந்தவங்களை இறங்கச் சொல்லுங்கம்மா. டெஸ்ட்ல வேற யாரும் இருக்கக் கூடாது."

அவள் கண்ணாடியில் பார்த்தாள். பின்சீட்டில் யாரும் இல்லை.

"யாரும் வரலை சார்."

ஆபீசர் அவள் சொன்னதைக் காதில் வாங்கவில்லை. பின்ஜன்னலருகே போய்க் குனிந்து, கனிவாகச் சொன்னார்:

"உங்களைத்தாம்மா. இப்படித் தொப்பலா நனைஞ்சிருக்கீங்களே, இறங்கிக் கொஞ்சம் வெயில்ல நில்லுங்க."