பூவரச இலை

குழந்தை மடியில் பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே அதன் அழுகை ஏரிப் பக்கமிருந்து கேட்டது.

கலைவாணி குனிந்து பார்த்தாள். ஐந்து மாதப் பிள்ளை கண் செருகிச் சப்பிக்கொண்டுதான் இருந்தது. வெளியே அழுவதும் அதே குரல். நடுவில் மூச்சு முட்டும் அதே விக்கல். கேட்ட கணத்தில் மறு மார்பும் சுரந்து நைட்டி நனைந்தது.

ஏரியைப் பார்த்த மொட்டைமாடியில் சிரிப்பு. ஊதலாய்ச் சுருட்டிய பூவரச இலையோடு கணவன் தமிழரசு இறங்கி வந்தான், பின்னாலேயே கூட்டாளி கன்னியப்பன்.

விடியலில்தான் இருவரும் ஆந்திர எல்லைக் காட்டிலிருந்து கடமான் கறியோடு திரும்பியிருந்தார்கள். திருநின்றவூர் ஏரியோரம் கடைசி வீடு கலைவாணியுடையது. அப்படியும் ஜன்னல்களை அடைத்துத்தான் சமைக்கச் சொன்னான் தமிழரசு. மிளகுக்கும் பட்டைக்கும் அடங்காமல் ஈரப்புல்லும் ரத்தமும் கலந்த வாடை சுவரில், தலையணையில், குழந்தையின் உச்சந்தலையில்கூட ஏறியிருந்தது.

சாப்பிடும்போது கன்னியப்பன் வேட்டையைச் சொன்னான். குட்டி கத்துவதுபோல் இலையை ஊதினால் தாய் வந்துவிடுமாம். குட்டி அதன் காலடியிலேயே நின்றதாம்.

"பக்கத்துலயே இருந்துச்சுன்னா எதுக்கு வந்துச்சு?"

"அதான் அண்ணி தமாசு. டார்ச்சு அடிச்சோம். எங்கள பாத்துச்சு. தெரிஞ்சே வந்துச்சு."

"குட்டி?"

"அங்கியே கத்திகினு கெடந்துச்சு. அத்த யாரு தூக்கிகினு வர்றது?"

தமிழரசு எலும்பை உறிஞ்சினான். "உனுக்கும் ஊதினேன்ல. நனஞ்சிடுச்சு பாரு."

இருவரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவைத்தாள். அதுதான் பிறகு அவளை அரித்தது.

கன்னியப்பன் பைக்கில் ஆவடிக்குப் போய், வீடு சேர்ந்ததாகப் போனும் செய்துவிட்டான். தமிழரசு குறட்டைவிட்டுத் தூங்கினான். இலையை அவளே கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டிருந்தாள்.

விளக்கேற்றும் நேரம். ஏரியிலிருந்து அழுகை வந்தது.

குறட்டை நிற்கவில்லை. குப்பைக்கூடையில் இலை கசங்கியபடியே கிடந்தது. தோளில் பிள்ளை அயர்ந்து தூங்கியது. அதன் மூச்சு கழுத்தில் சுட்டது. என் மகள் இங்கேதான் இருக்கிறாள். என் பிள்ளை இங்கேதான். மூன்று முறை சொல்லிக்கொண்டாள்.

அழுகை விக்கியது.

மார்பு கனத்தது. வலித்தது. கால் நகர்ந்தது.

கணவனைக் கூப்பிட வாய் திறந்தாள். அதற்குள் உடம்பு குனிந்தது. பிள்ளையை வெறுந்தரையில் கிடத்தினாள். கிரில் கதவைத் திறந்தது தன் கைதான் என்று தெரிந்தது.

கரை. சேறு. கோரைப்புல்.

பின்னால் ஒரு குழந்தை வீறிட்டது. யார் வீட்டுப் பிள்ளையோ.

கோரைக்குள்ளிருந்து அந்த வாடை வந்தது. ஈரப்புல். ரத்தம். டார்ச் வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்தது. அழுகை சட்டென்று நின்றது.

அவள் ஓடவில்லை. கண் இமைக்கவில்லை. பால் சேற்றில் சொட்டிக்கொண்டிருந்தது.