சேமித்தால் மாறும் சொல்

ஆலங்காயத்தில் கிளம்பிய பேருந்து மென்பொருள் பொறியாளர் ஆசியாவை மலைமேல் இறக்கிவிட்டபோது நண்பகல். ஆனாலும் மூடுபனியில், எதிரே இருந்த பழைய சுகாதார நிலையம் ஒரு கறையாகத்தான் தெரிந்தது. உள்ளே ஈரச் சுண்ணாம்பும் பினாயிலும் கலந்த வாடை.

கர்ப்பிணிகளைப் பதிவு செய்யும் மென்பொருளில் ஏதோ கோளாறு என்று நிறுவனம் அவளை அனுப்பியிருந்தது. செவிலியர் சசிகலா ‘வாங்க’ என்றுகூடச் சொல்லவில்லை. கணினியை வெடுக்கென்று திருப்பினாள்.

“பாருங்க மேடம். வடிவுன்னு ஒரு மாசமான பொண்ணுக்கு பிரஷர் ஏறிக்கிச்சு. ‘உயர் ஆபத்து’ன்னு போட்டேன். சேமிச்ச உடனே ‘சாதாரணம்’னு மாறிடுச்சு. எத்தினி வாட்டி போட்டாலும் அதேதான். அத்த பார்த்துட்டு கீழேர்ந்து ஆம்புலன்ஸ் வண்டியே அனுப்பல. டோலியில தூக்கினு போற வழியிலயே செத்துட்டா. வயித்துப் புள்ளையோட.”

ஆசியா நிரலைத் திறந்தாள். அவளுக்கு முன்பு வேலை பார்த்த யாரோ எழுதியது. பதிவு சேமிக்கப்படும் கணத்தில், வயதையும் எடையையும் மட்டும் வைத்துக் கணக்கிட்டு, செவிலியர் போட்டதை அழித்து எழுதும் வரிகள். ரத்த அழுத்தம் கணக்கிலேயே இல்லை.

உடனே கைப்பேசியை எடுத்தாள். மேலாளர் பூபாலனை அழைத்தாள்.

“தெரிஞ்சுதான் அப்படி வெச்சோம். உயர் ஆபத்துன்னு சிவப்பு ஜாஸ்தியானா மேல கேள்வி கேக்கறாங்க. நீ கை வைக்காதே.”

“ரெண்டு உயிர் போயிருக்கு சார்!”

இணைப்பைத் துண்டித்தாள்.

பூட்டியிருந்த பிரசவ அறைக்குள் யாரோ முனகினார்கள்.

“உள்ள யாரு சிஸ்டர்?”

“யாருமில்ல,” சசிகலா கிசுகிசுத்தாள். “வண்டி வரும்னு வடிவு அங்கதான் காத்துனு இருந்தா.”

முனகல் உறுமலானது.

கதவு உள்ளிருந்து அதிர்ந்தது.

ஆசியா அந்த வரிகளை நீக்கினாள். செவிலியர் காலியாக விட்டால் மட்டும் கணினி கணக்கிடட்டும் என்று மாற்றி ஏற்றினாள். வெளியே கால் வீங்கி உட்கார்ந்திருந்த கர்ப்பிணி ராஜேஸ்வரியின் பதிவில் சசிகலா ‘உயர் ஆபத்து’ என்று போட்டுச் சேமித்தாள்.

மாறவில்லை. சிவப்பாகவே நின்றது.

அறை அடங்கியது. பொழுது சாய்வதற்குள் வண்டி வந்து ராஜேஸ்வரியை ஏற்றிக்கொண்டது. ஆசியாவும் அதிலேயே புறப்பட்டாள்.

மலை வளைவில் வண்டி இறங்கும்போது பூபாலன் அழைத்தான். குரலில் பழைய அதிகாரம் இல்லை.

“இன்னா பண்ணே ஆசியா? கர்ப்பிணிங்க பட்டியல்ல என் பேர் வருது. உயர் ஆபத்துன்னு. சாதாரணம்னு போட்டு சேமிச்சா, திரும்ப அதுக்கே மாறுது. நீ எழுதனத எடுத்துடு.”

“நான் அப்படி எதுவும் எழுதலை சார்.”

பிறகு அவன் வேறு யாரிடமோ பேசுவது கேட்டது.

“யாரும்மா நீ? வயித்துப் புள்ளையோட உள்ள எப்படி வந்தே?”