சாத்தாத பின்கதவு

காலையில்தான் பினாயில் ஊற்றிக் கழுவிவிட்ட அறை. மத்தியானம் பானுப்பிரியா உள்ளே கால் வைத்தபோது பினாயில் வாடையே இல்லை. வெடிமருந்து வாடை அடித்தது. பழைய, ஆறிப்போன வாடை அல்ல. இப்போதுதான் யாரோ சல்லடையில் சலித்து முடித்து, கையைத் தட்டிக்கொண்டு எழுந்துபோனதுபோல் மூக்கில் ஏறியது. வாசலில் நின்றபடியே திரும்பிப் பார்த்தாள். வெயிலில் யாரும் இல்லை.

ஆனைக்குட்டம் அணைக்குப் பின்னால், கருவேலங்காட்டுக்குள் இருந்த அந்தக் கல்லூரிக்குப் பெயர்ப்பலகை கிடையாது. வீட்டில் நர்சிங் படிப்பதாகச் சொல்லியிருந்தாள். முன்பு அது பட்டாசுக் கம்பெனி. விபத்துக்குப் பிறகு மூடினார்கள். மூடிய கம்பெனி வேறு பெயரில் திறப்பது இந்தப் பக்கத்தில் புதிதில்லை. இது கல்லூரியாகத் திறந்துகொண்டது, அவ்வளவுதான். தள்ளித் தள்ளிக் கட்டிய அதே சின்ன அறைகள், ஒவ்வொன்றுக்கும் நாலு பக்கமும் கதவு. வெடிமருந்து வைத்திருந்த கிடங்கில் இப்போது நூலகம். சொல்லிக்கொடுத்தது ஒரே வித்தை: செத்தவர்களை அழைப்பது. பட்டாசில் யாரையாவது பறிகொடுத்த பிள்ளைகளாகப் பார்த்துத்தான் சேர்த்தார்கள். இந்தப் பக்கம் அதற்கு ஆள் பஞ்சமா என்ன?

அவள் அம்மா பொன்மணி செத்தது இதே அறையில்தான். தீபாவளி சீசன், ஆர்டர் நெருக்கடி. பக்கக் கதவுகளோடு பின்கதவையும் மறித்து லோடுப் பெட்டிகளை அடுக்கியிருந்தார்கள். முன்பக்கம் தீப்பிடித்தது, பின்பக்கம் வழி இல்லை. ஆஸ்பத்திரியில் தலையோடு வெள்ளைத்துணி சுற்றிக் கொடுத்து, முகத்தைப் பார்க்க வேண்டாம் என்றார்கள். சொந்தக்காரர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். பார்க்காமலே விஸ்வநத்தம் சுடுகாட்டில் கொண்டுபோய்ச் சேர்த்தாயிற்று. தங்கச்சி அருணாதேவி இன்றைக்கும் கேட்பாள், "அது நம்ம அம்மாதானாக்கா, ஒனக்கு நல்லாத் தெரியுமா?" என்று. பானுப்பிரியாவுக்குத் தெரியாது. அந்த முகத்தை ஒரே ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். பொய் சொல்லிச் சேர்ந்ததும், கண் எரிய எரியப் படித்ததும் அதற்குத்தான்.

இன்று செய்முறைத் தேர்வு. தங்கச்சாமி சார் வெளியே, முன்வாசலில் நின்றார்.

"கதவு எல்லாத்தையும் சாத்திக்கோம்மா. வந்தவுகளப் பாத்துக்கோ, பேசிக்கோ. திரும்பப் போகச் சொல்லி, அவுக போன பெறகுதான் கதவத் தொறக்கணும்."

"சரிங்க சார்."

முன்கதவைச் சாத்தினாள். இரண்டு பக்கக் கதவுகளையும் சாத்தினாள். பின்கதவில் கை வைத்ததும் கை மறுத்தது. கதவைச் சாத்திக்கொண்டு மருந்து அறையில் உட்காராதே என்று இந்த ஊரில் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டும்போதே சொல்லி வளர்ப்பார்கள். அம்மா அடித்தே சொல்லியிருக்கிறாள். செத்தவர்களிடம் அவளுக்குப் பயம் இல்லை. சாத்திய கதவிடம்தான் பயம். ஒரு செங்கல் துண்டை அண்டக்கொடுத்து, ஆள் நுழையும் அளவுக்குக் கதவை ஒருக்களித்து விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள். முன்வாசலில் நின்ற சாருக்கு அது தெரியாது.

கண்ணை மூடி, மூச்சுக்குள்ளேயே அம்மாவின் பெயரைச் சொன்னாள். தகரக்கூரை வெயிலுக்கு முறுக்கிக்கொள்ளும் சத்தமும், அணைக்கரையில் ஏதோ பறவை கத்துவதும், திருத்தங்கல் ரோட்டில் லாரி கியர் மாற்றுவதும், தன் காதுக்குள்ளேயே ரத்தம் ஓடும் இரைச்சலும் கேட்டுக்கொண்டிருந்தன. அப்புறம் ஒவ்வொன்றாக அடங்கின. லாரி நின்றது. பறவை நின்றது. கூரையும் அடங்கியது. அந்த அமைதியில், அறை மூலையில், யாரோ காகிதக் குழாயைத் தரையில் தட்டினார்கள்.

டொக்.

மருந்து கெட்டிக்கத் தட்டுகிற தட்டு. அம்மா தட்டுவது இப்படித்தான்.

டொக். டொக்.

தேங்காயெண்ணெய் வாடை. கூடவே கருகிய முடி.

கண்ணைத் திறந்தாள். மூலையில் முதுகைக் காட்டி ஓர் உருவம் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தது. அம்மாவின் ஊதாச் சேலை. தலையைச் சுற்றி வெள்ளைத்துணி, அப்படியே.

"அம்மா." உருவம் திரும்பவில்லை. மறுபடி சொன்னாள். "இங்கன திரும்பும்மா. ஒரு தடவ."

தட்டு நின்றது. தலை திரும்பியது. அவள் பக்கம் அல்ல. பின்கதவு இடுக்கில் விழுந்த வெயில் பக்கம்.

ஓட்டம்.

வெறுங்கால் தரையில் அறைந்த சத்தம். கதவு படாரென்று சுவரில் மோதியது. செங்கல் உருண்டது. மூலை காலி.

முன்கதவைத் திறந்துகொண்டு சார் உள்ளே வந்தார். அறையைப் பார்த்தார், பின்கதவைப் பார்த்தார்.

"ஏம்மா தொறந்து வச்ச?"

"நெருப்பு பிடிச்சா ஓடணும்ல சார்."

"ஓடத் தெரிஞ்சது ஒனக்கு மட்டுந்தானா?" அவர் கோபப்படவில்லை. "வருசத்துக்கு ஒருத்தராச்சும் இதப் பண்ணிருதீக."

"அவுக எங்க போவாக சார்?"

"வேல முடிஞ்சா எங்க போவாக? வீட்டுக்குத்தான்."

அவள் கேட்டை நோக்கி ஓடினாள். கம்பெனிக் காலத்துப் பழக்கம், செல்போன்களை அங்கே ஒரு மரப்பெட்டியில் போட்டுவிட்டுத்தான் எல்லோரும் உள்ளே வருவார்கள். பெட்டிக்குள் அவளுடைய போன் ஏற்கெனவே அடித்துக்கொண்டிருந்தது. வீடியோ அழைப்பு. எடுத்தாள். திரையில் அருணாதேவியின் முகம், இவ்வளவு சந்தோஷமாக அதை அவள் பார்த்ததே இல்லை.

"அக்கா, அம்மா வந்துருக்காக."

தங்கச்சிக்குப் பின்னால், வீட்டுச் சிமெண்டுத் தரையில், ஊதாச் சேலை.

"அருணா, எந்திரி. வெளிய போ. பக்கத்து வீட்டுக்கு ஓடு."

"மூஞ்சியத் துணி சுத்தி மூடிருக்காகக்கா. எடுத்துவிடச் சொல்லுதாக. எடுத்துப் பாக்கட்டா? நீயும் பாரு."

வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு ஒரு நொடி ஆகிவிட்டது. அந்த ஒரு நொடி, அவளுக்கும் பார்க்க வேண்டும்போல் இருந்தது. அந்தப் பாவத்தை எங்கே கொண்டுபோய்த் தொலைப்பது. அதற்குள் அருணாதேவி போனைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுப் போய் மண்டியிட்டாள்.

"வேண்டாம்." கத்தினாள். "அருணா, தொடாத."

அருணாதேவிக்குக் கேட்கவில்லை. துணியை அவிழ்த்தாள். ஒரு சுற்று. இன்னொரு சுற்று. அவிழ அவிழத் தலை சிறுத்துக்கொண்டே வந்தது. துணி அவள் மடியில் குவிந்தது. கடைசி முனையும் கையோடு வந்துவிட்டது.

சேலைக்கு மேலே ஒன்றும் இல்லை. சுவர் தெரிந்தது.

அருணாதேவி போன் பக்கம் திரும்பினாள். சிரித்தாள்.

"நம்ம அம்மாதாங்க்கா."

அவளுக்குப் பின்னாலிருந்து இரண்டு கைகள் நீண்டு வந்தன. அவள் தலையைப் பிரியமாகத் தடவிக்கொடுத்தன. பிறகு மடியில் குவிந்திருந்த துணியை எடுத்து, அவள் நெற்றியிலிருந்து மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தன.