தொட்டுப் பார்க்கும் வகுப்பு

தட்டில் இருக்கும் ஈரல் சூடாக இருக்கிறது என்று எலினா சொன்னதும் வேல்பாண்டி சிரித்துவிட்டார்.

"பார்மலின்ல மாசக்கணக்கா கெடக்குற ஆட்டு ஈரல் தாயி அது. காலையில நான்தான் அலசி வச்சேன்."

"நீங்களே தொட்டுப் பாருங்க சார்."

அவர் தொடவில்லை.

வார நாள்களில் அவருக்கு அரசுத் தடயவியல் கூடம். கொலையா தற்கொலையா என்று தெரியாத சாவுகளில் விஷம் தேடுவது வேலை. சனிக்கிழமை மட்டும் ராஜபாளையத்துக் கல்லூரியில் பாடம் எடுக்க வருவார். பார்வையில்லாத பிள்ளைகளும் தடயவியல் படிக்கலாம் என்று சண்டை போட்டு, உறுப்புகளைக் கையில் கொடுத்துச் சொல்லித்தரும் முறையை அங்கே கொண்டுவந்தவர் அவர்தான். விஷம் பட்ட இரைப்பையின் சொரசொரப்பைக் கண் மறந்தாலும் விரல் மறக்காது என்பார். நல்ல மனுஷன் என்று பேர். இன்று வகுப்புக்கு வந்திருந்தது எலினாவும் பாண்டிசெல்வியும் மட்டும்; இருவருக்கும் பார்வையில்லை.

மலைப்பக்கம் மழை கட்டிக்கொண்டு நின்றதில் மதியமே அறை மங்கிப்போயிருந்தது. பக்கத்து மில்லின் இரைச்சல் சுவர் வழியாக இறங்கி மேசைக் காலில் நடுங்கிக்கொண்டிருக்க, மூக்கைக் குத்தும் பார்மலின் நெடிக்கு அடியில், யாரோ அடுப்பில் வைத்துவிட்டு மறந்த மாதிரி, கருகிய காப்பி வாசனை மெல்லக் கிளம்பி வந்தது.

போன் அடித்தது. மனைவியின் தம்பி தனுஷ்கோடி.

"அத்தான், திங்கக்கெழம திருவில்லிபுத்தூர் கோர்ட்டு. ஞாபகம் இருக்குல்லா?"

"இருக்கு மாப்ள."

"விஷம் இல்ல. அந்த ஒத்த வார்த்தைதான். பொறவு அக்காகிட்டச் சொல்லி ஒங்களுக்குக் கறிச்சோறு."

தனுஷ்கோடியின் பேண்டேஜ் துணி நெய்யும் கம்பெனியில் தறி ஓட்டியவள் வன்னியம்பட்டி அய்யம்மாள். தொழிற்சங்கம் தொடங்க ஆள் திரட்டினாள். ஒருநாள் அவன் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுத் தறியின் மேலேயே சரிந்தாள். அவளுடைய ஈரலும் இரைப்பையும் உப்புத் தண்ணீரில் வேல்பாண்டியிடம் வந்தன. உப்பு விஷத்தைக் காப்பாற்றி வைத்திருக்கும். அவர் அதைக் கொட்டிவிட்டு பார்மலினை ஊற்றினார். அது விஷத்தின் தடத்தைக் கலைத்துவிடும். பிறகு முறைப்படி சோதித்தார். எதுவும் கிடைக்கவில்லை. எழுதிய அறிக்கையில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

ஒன்றை மட்டும் அவர் யோசிக்கவில்லை. உப்பில் கிடந்திருந்தால் அய்யம்மாள் என்றாவது அழுகிக் கரைந்துபோயிருப்பாள். பார்மலினில் கிடக்கும் சதை அழியாது.

மின்விசிறி நின்றது. மில் இரைச்சலும் நின்றது.

"கரண்டு போச்சா சார்?" என்றாள் பாண்டிசெல்வி. "எங்களுக்கு எல்லா நேரமும் ஒரே கரண்டுதான். நீங்க பயப்படாதிய."

எலினா சிரித்தாள். பிறகு நிறுத்தினாள்.

"ஏட்டி, கைய எடு. நான் பாக்கேன்ல."

"என் ரெண்டு கையும் மடியில இருக்கு."

"அப்ப இது யாரு கை? ஈரமா இருக்கு. வெரல்ல நூல் சுத்தியிருக்கு."

வேல்பாண்டி தட்டைப் பார்த்தார். மங்கலில் எலினாவின் உறை போட்ட கைகள் தெரிந்தன. அவற்றின் மேல் இன்னொரு கை. வெளுத்து, ரப்பர் போல.

"சார், ஒரு அக்கா வந்து நிக்காவ," என்றாள் எலினா. குரலில் பயமே இல்லை. "திங்கக்கெழம என்ன சொல்லுவியன்னு கேக்காவ."

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு சொல். தனுஷ்கோடி உள்ளே போவான். இவரும் போவார்.

"விஷம் இல்ல," என்றார்.

நாக்கு அங்கேயே நின்றது. கடைசி எழுத்தில். தடித்தது. இறுகியது. கத்தப் பார்த்தார். விரல்கள் வெளிறின. முழங்கால் மடங்கவில்லை. இமை மூடவில்லை. பார்மலினில் கிடந்த சதை மாதிரி நாற்காலியில் உட்கார்ந்தபடியே விறைத்தார்.

வலி மட்டும் விறைக்கவில்லை.

நூல் சுற்றிய விரல் அவர் சட்டைப் பொத்தான்களைக் கழற்றியது. ஒவ்வொன்றாக. அவசரமில்லாமல். பிறகு நெஞ்சுக்குழியில் நகம் வைத்துக் கீழே இழுத்தது.

"சார்?" என்றாள் பாண்டிசெல்வி. "வெளிய போயிட்டாரா?"

"அடுத்த உறுப்பு தயாரா இருக்காம்," என்றாள் எலினா. "அந்தக்கா நம்ம கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போறாவ. வா."

இரண்டு பெண்களும் எழுந்து வந்தார்கள். மெல்ல. அழுத்தாமல். விளிம்பைத் தடவிப் பார்த்துவிட்டு உள்ளே. அவர் பழக்கியபடியே.

"பெருசா இருக்குல்லா," என்றாள் பாண்டிசெல்வி.

"பேசாம தொட்டுப் பாரு ஏட்டி. இன்னும் துடிக்கி."

மூடாத கண்களுக்கு முன்னால் நான்கு இளங்கைகள் மணிக்கட்டு வரை அவருக்குள் இறங்கின. அவற்றுக்கு வழிகாட்டிக்கொண்டு, இன்னும் ஆழத்தில், ஐந்தாவது கை.