பூட்டிய கேட்டுக்குள் நடந்தவள்

நடைக்குப் போகச் சப்பாத்தைக் காலில் மாட்டிக்கொண்டு வெளியே வந்த விஜயராணி, கேட்டில் பூட்டுத் தொங்குவதைப் பார்த்தாள். விடிந்த பிறகு அந்தக் கேட்டை யாரும் பூட்டுவதில்லை.

கணவர் நல்லசாமி ஹாலில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

"சாவி எங்கங்க?"

"என்கிட்டதான் இருக்கு. நீ போயி பசியாற ஏதாச்சும் பாரு."

"இட்லி எடுத்து வெச்சாச்சு. கேட்டத் தொறங்க, ஷஃபீகா காத்துக்கிட்டு இருப்பா."

"இனிமே நடையும் வேணாம், ஒன்னும் வேணாம். நேத்து கோயில்ல அக்கா என்னை நிக்க வெச்சு கேக்குது. பேரப்பிள்ள எடுத்த வயசுல உன் பொண்டாட்டி சேலைய விட்டுட்டு ஆம்பளையாட்டம் சிலுவார் போட்டுக்கிட்டு ரோட்டுல ஓடுறாளாமேன்னு... என் மானம் போவுது ராணி."

அறை வாசலில் குழந்தையை இடுப்பில் வைத்தபடி மருமகள் துளசி நின்றாள். அவளும் மாமனாரிடம் முறையிட்டிருந்தாள். காலையில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் வேலைக்குத் தாமதமாகிறது என்று. விஜயராணி ஏறிட்டுப் பார்த்ததும் அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

விஜயராணி ஊருக்கெல்லாம் ரவிக்கை தைப்பவள். மெஷினை விட்டு எழுந்தால் அடுப்படி, அடுப்படியை விட்டால் டிவிக்கு முன்னால் நாற்காலி. இப்படியே உடம்பு கனத்து, முட்டி வீங்கி, குளியலறைப் படி ஏறவே சுவரைப் பிடிக்க வேண்டிய நிலைக்கு வந்திருந்தாள். கிளினிக்கில் டாக்டர், இரத்த அழுத்தமும் சர்க்கரையும் எல்லை மீறிவிட்டன என்றார். "நடங்கம்மா. இப்படியே உக்காந்திருந்தா ஸ்ட்ரோக் வந்துரும்."

அந்த ஒரு சொல் வீடு வரும் வரைக்கும் அவள் காதில் ஒலித்தது. ஆனாலும் வீட்டில் வாய் திறக்கவில்லை. மறுநாளே பக்கத்து வீட்டு ஷஃபீகாவோடு தாமான் குடியிருப்புத் திடலுக்குப் போனாள். முதல் நாள் திடலின் பாதியில் மூச்சு வாங்கிப் புல்லில் உட்கார்ந்துவிட்டாள். பந்து விளையாட வந்த பையன்கள் சிரித்தார்கள். அடுத்த நாளும் போனாள். போகப் போகத் திடலை நிற்காமல் சுற்றி வந்தாள். பிறகு செம்பனைத் தோட்டத்து ஓரமாக வாய்க்கால் வரைக்கும் போய்த் திரும்பினாள். ஒரு நாள் சுவரைப் பிடிக்காமல் படி ஏறினாள். அன்று மெஷினில் உட்கார்ந்து தனியாகச் சிரித்துக்கொண்டாள்.

இப்போது பூட்டிய கேட்டுக்கு முன்னால் நின்றவள், திரும்பி உள்ளே வரவில்லை. கார் நிறுத்தும் இடத்தில் சுற்றி நடக்க ஆரம்பித்தாள். காரைச் சுற்றி, துளசி மாடத்தைச் சுற்றி, துணிக்கொடியின் கீழே குனிந்து, திரும்பவும் காரைச் சுற்றி.

எதிர் வீட்டுச் சீனக் கிழவர் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். பக்கத்து வேலிக்கு அப்பால் ஷஃபீகா, "அக்கா, என்னாச்சு லா?" என்றாள்.

"கேட்டப் பூட்டிட்டாரு. நீ அங்க நட, நான் இங்க நடக்கிறேன்."

நல்லசாமி பதறிக்கொண்டு வாசலுக்கு வந்தார். "ராணி, உள்ள வா. ஊரே பாக்குது."

"பாக்கட்டும். தொறந்து விட்டா வெளிய நடப்பேன். பூட்டினா உள்ள நடப்பேன். கால நிறுத்த மாட்டேன்."

அந்த நேரம் பார்த்து அடுத்த வரிசையில் குடியிருக்கும் காளியம்மா, நல்லசாமியின் அக்கா, கேட்டுக்கு வெளியே வந்து நின்றாள். "இது என்னா கூத்து தம்பி? நல்ல குடும்பத்துப் பொம்பள செய்யிற வேலையா இது?"

விஜயராணி நடந்துகொண்டே வந்து கேட்டருகே நின்றாள். மூச்சு வாங்கியது. குரல் மட்டும் நடுங்கவில்லை.

"அண்ணி, உங்கம்மா ஸ்ட்ரோக்குல விழுந்து எத்தன வருஷம் படுத்துக் கெடந்தாங்க? யார் கழுவினது? யார் பொரட்டிப் படுக்க வெச்சது? நீங்க அடுத்த வரிசையிலதான் இருந்தீங்க... தீபாவளிக்கு வந்து பாத்துட்டுப் போனீங்க. இவரு அந்த ரூம் வாசப்படிய மிதிச்சதில்ல. நாத்தம் தாங்காதுன்னு. நான் ஒரு நாளாச்சும் கேட்டிருக்கேனா?"

காளியம்மா முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"இப்ப எனக்கும் அந்த வியாதி வரும்னு டாக்டர் சொல்லிட்டாரு. நான் விழுந்தா யார் கழுவுவா? நீங்களா? இவரா? இந்தச் சின்னப் பொண்ணு தலையில அத வெக்கச் சொல்றீங்களா? யாரும் எனக்குச் செய்ய வேணாம். என் கால்ல நான் நிக்கணும், அதுக்குத்தான் நடக்கிறேன். இதுல யார் மானம் போவுது?"

நல்லசாமி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "டாக்டர் சொன்னத ஏன் என்கிட்ட சொல்லல?"

"அம்மா பேச்ச எடுத்தாலே எந்திரிச்சிப் போயிருவீங்க. எப்ப சொல்றது?"

அவர் முகம் கோணியது. தாயின் காரியத்தன்றுகூட அழாத மனிதர், தோள் குலுங்க அழுதார்.

துளசிதான் முதலில் அசைந்தாள். குழந்தையை மாமனார் கையில் கொடுத்து, அவர் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தாள். பூட்டைத் திறக்கும்போது அவள் கண்ணீர் கன்னத்தில் வழிந்தது.

"தெரியாம பேசிட்டேன் அத்த... நீங்க போயிட்டு வாங்க. காலையில கொழந்தைய மாமா பாத்துக்குவாரு."

விஜயராணி அவளை இழுத்து மார்போடு அணைத்தாள். "நீயும் நாள் பூரா கம்ப்யூட்டர் முன்னாடிதான் உக்காந்திருக்க. லீவு நாள்ல என்கூட வா."

காளியம்மா வழிவிட்டு ஒதுங்கினாள்.

பேரனைத் தூக்கிக்கொண்டு நல்லசாமி கேட்டு வரைக்கும் வந்தார். கைலியும் வெறுங்காலுமாக நின்றார். "நானும் கூட வரட்டா ராணி?"

அவள் அவரைப் பார்த்தாள். கோபம் முழுவதும் போய்விடவில்லை. ஆனாலும் கை நீட்டி அவர் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

"இன்னிக்கு வேணாம். இன்னிக்கு நான் போறேன். நாளைக்குப் பேரனையும் தூக்கிக்கிட்டு வர்றதா இருந்தா ஒரு சப்பாத்து வாங்கி வெச்சுக்குங்க. மெதுவா நடந்தீங்கன்னா நான் நின்னு காத்திருக்க மாட்டேன், சொல்லிட்டேன்."

ஷஃபீகா சிரித்துக்கொண்டு முன்னே நடந்தாள். விஜயராணி கைகளை வீசி, திடல் பக்கம் திரும்பாமல், நேராக வாய்க்கால் பாதையில் இறங்கினாள்.