பின்னால் தோள் கொடுத்தவன்

பிச்சமுத்து வாய்விட்டு எண்ணிக்கொண்டேதான் நடந்தார். நூறு வந்ததும் நின்று வாட்சைப் பார்த்தார். இருநூறு என்றது.

வலது காலில் ப்ளேட் வைத்து ஏழு வாரம் ஆகிறது. ஒரு நாளைக்கு ஐந்நூறு அடி, அதுவும் மெதுவாக. கூடினால் ப்ளேட் விட்டுப்போகும், அப்புறம் எழுந்து நிற்பதே கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்காகத்தான் மகள் ஜோதி அடி எண்ணும் இந்த வாட்சை வாங்கிக் கட்டிவிட்டாள். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் தான் வேலை பார்க்கும் மருந்துக்கடையில் நின்றபடியே அப்பாவின் ஒவ்வொரு அடியையும் போனில் பார்ப்பாள்.

நேற்று சாயங்காலம் வந்ததும் வராததுமாகப் பிடித்துக்கொண்டாள்.

"ஆயிரம் காட்டுதுப்பா! யாரைப் புடிக்க ஓடுறீங்க?"

"ஐந்நூறுதாம்மா. ஒன் வாட்சுதான் ரெண்டு ரெண்டா எண்ணுது."

"எங்கிட்டயே கதையா?" என்று தன் கையில் கட்டிக்கொண்டு நடந்து பார்த்தாள். அவளுக்குச் சரியாகத்தான் எண்ணியது.

அவள் குடியிருப்பது ஸ்ரீரங்கத்தில் ஒரு நீள வீட்டின் பின்போர்ஷன். தெருக்கேட்டிலிருந்து அதுவரை ஓர் ஆள் அகலத்துக்குச் சந்து; அதில்தான் அவர் நடை. இரண்டு பக்கமும் பாசி பிடித்த சுவர், நடுவில் உச்சிவெயிலின் ஒரு கீற்று, யார் வீட்டிலோ குக்கர் விசில், சாக்கடை வாடை. அந்த வாடைக்குள்ளேயே இன்னொரு வாடையும் மெல்ல மெல்லக் கலந்து வந்தது: கிரீஸும் துருவும். அவர் வேலை பார்த்த அரியமங்கலம் இரும்புப் பட்டறையின் வாடை.

மறுபடி நடந்தார். கைத்தடி டொக்கென்றது. செருப்பு சர்ரென்றது. அதை ஒட்டியே, தப்.

நின்றார். அதுவும் நின்றது.

வெறுங்கால். காத்தான் பாரம் தூக்கினால் செருப்புப் போடமாட்டான்.

பன்னிரண்டு வருஷம் இருவரும் ஒரே இரும்புச் சட்டத்துக்குத் தோள் கொடுத்தவர்கள். முன்னால் பிச்சமுத்து, பின்னால் காத்தான். முன்னால் போகிறவர் "போடு" என்று குரல் கொடுக்காமல் யாரும் தோளை எடுக்கக்கூடாது. அன்றைக்குக் கால் வழுக்கியது. பிச்சமுத்து தோளை எடுத்துவிட்டார். குரல் கொடுக்கவில்லை. மொத்தச் சட்டமும் காத்தான் நெஞ்சில் இறங்கியது. அவன் அங்கேயே முடிந்தான். பிச்சமுத்துவுக்குக் காலோடு போயிற்று.

"நான் போடுன்னு கத்துனேன் தாயி. அவன் காதுல விழல." காத்தான் மனைவி வீராயியிடம் அப்படித்தான் சொன்னார். போலீஸிடமும் அதையே சொன்னார்.

தடியை ஊன்றி வீட்டுப் பக்கம் திரும்பினார். அப்போது வலது தோளில் ஏதோ உட்கார்ந்தது. சில்லென்று, கனமாக. தோளுக்குத் தெரிந்த கனம்.

திரும்பிப் பார்க்கவில்லை. பாரத்தோடு திரும்பக்கூடாது.

கதவுவரை போனார். நிற்க முடியவில்லை, பின்னாலிருந்து தள்ளியது. வளைந்து கேட்டுக்கு. கேட்டிலிருந்து கதவுக்கு. வாட்ச் அறுநூறு என்றது. வீட்டுக்குள் போன் அடித்தது. ஜோதிதான். அடித்து அடித்து ஓய்ந்தது. தொள்ளாயிரம். தடி எங்கோ விழுந்துவிட்டது. காலுக்குள் ஏதோ நறுக்கென்றது. ஆயிரத்து நானூறு.

தப். தப். தப்.

வாட்ச் அதிர்ந்தது. வெளிச்சத்தில் எழுத்து. எழுத்துக் கூட்டினார். நடை முடிந்ததா? கீழே இரண்டு கட்டம். மு-டி. தொ-ட-ர்.

வாட்ச் கட்டிய இடது கையைத் தூக்கினார். வலது கை தோள் பாரத்தைப் பிடித்திருந்தது. 'முடி'யை அழுத்த அது வரவில்லை.

"போடு!" என்று கத்தினார். "காத்தா, போடுடா! போடு!"

சந்து அமைதியானது. குக்கர் சத்தம்கூட இல்லை. காதோரம் ஈரமாக ஒரு மூச்சு.

"காதுல விழலண்ணே."

அவர் தோளுக்கு மேலாக ஒரு கை நீண்டு வந்தது. கிரீஸ் அப்பிய, நகம் நசுங்கிய விரல். அது வாட்சின் மேல் நிதானமாக இறங்கி, 'தொடர்' என்பதை அழுத்தியது.